ஐயாவின் காலை நேரம்

அந்த ஐயாவின் டயலிசிஸ் நேரத்தைக் காலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றியது நான்தான். தகுந்த காரணத்தோடுதான் மாற்றினேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது கார்த்திகை மாதம். மூன்று தடவை அவர் வரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம்தான் அவருக்கு. அதில் ஒன்று தவறினால் அந்தக் கிழமையில் மிஞ்சுவது ஒன்றுதான். மூன்றாம் தடவைக்குப் பிறகு வந்தபோது உலர் எடையைவிட, அதாவது உடம்பில் மிஞ்சிய தண்ணீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடையைவிட, ஐந்து கிலோ கூட. கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. 55 கிலோ ஆளிடமிருந்து நான்கு மணி நேரத்தில் மூன்று லீற்றர் தண்ணீருக்குக் கிட்டத்தான் பயமில்லாமல் எடுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

“தண்ணியைக் குறையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், ஐயா?”

“கடல் பெருத்துப் போச்சுப் பிள்ளை. படகு ஓடேல்லை.”

அவர் ஊர் நெடுந்தீவு, படகில்தான் வர வேண்டும். நான் குடிக்கிற தண்ணீரைக் கேட்டேன், அவர் கடலைச் சொன்னார். சாட்டுச் சொல்கிறார் என்றே அப்போது எடுத்துக்கொண்டேன். ஒத்துழைப்பில்லை என்று அவருடைய கோப்பில் ஒரு வரி எழுதினேன்.

அந்த வரிதான் உறுத்துகிறது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எத்தனையோ பேருக்கு முறை தவறியது. ஒருவருடைய கோப்பிலும் நான் அப்படி எழுதவில்லை. காரணம் எங்கள் கண்முன்னே ரோட்டில் நின்றது. நெடுந்தீவுப் படகு வந்துசேரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வாடைக்காற்று அடிப்பது எங்கள் யூனிற் ஜன்னலால் தெரியாது. தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்வதும் பாதிப் பேச்சுத்தான். உப்புக் குறையாமல் விடாய் குறையாது. கருவாடும் ஊறுகாயும் சாப்பாட்டில் இருக்கும்வரை நாக்கைக் கட்டு என்று சொல்லிப் பயனில்லை. இதையெல்லாம் அவரிடம் ஆறுதலாக இருந்து கேட்டிருக்கலாம். அன்றைக்கு இரண்டு மெஷின் பழுது, நேரம் இல்லை. நேரம் இல்லை என்பதும் சாட்டுத்தானோ தெரியவில்லை.

காலை நேரத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒரு இளம் தாயும் இருந்தார். பிள்ளையை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் திரும்ப வேண்டும். ஒரு தடவையும் தவறாதவர். அவருக்குக் கொடுத்தேன். பிழை என்று யார் சொல்வார்கள்? ஆனால் மத்தியானம் ஏறினால் இறங்கப் பின்னேரம் ஆகிவிடும். அதற்குள் கடைசிப் படகு போய்விடும். அது தெரிந்தேதான் மாற்றினேன். ஐயா கோபிப்பார் என்று நினைத்தேன். “சரி பிள்ளை, நீங்கள் சொன்னாச் சரிதான்” என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அதன் பிறகு அவர் ஒரு தடவையும் தவறவில்லை. டவுனில் மருமகள் வீட்டில் தங்குகிறார். எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுவதில்லை, மூச்சும் இளைப்பதில்லை. நல்ல முடிவு என்று யூனிற்றில் எல்லோரும் சொன்னார்கள். கணக்கைப் பார்த்தால் நல்ல முடிவுதான். ஆனால் அவருடைய மனைவி நெடுந்தீவில் தனிய இருக்கிறா. ஒரு நாள் ஊசி கழற்றிய இடத்தைப் பஞ்சால் அமர்த்திப் பிடித்தபடி, “இண்டைக்கு ஆடு குட்டி போட்டிருக்கும்” என்றார். யாரிடமும் கேட்கவில்லை, சும்மா சொன்னார். அவருக்கு எது உதவியது, எது அவரிடமிருந்து பறிபோனது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன கிழமை காலை நேரம் ஒன்று காலியானது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சந்தோசமாக ஓம் என்பார், வீட்டுக்கும் போய்விடுவார். கார்த்திகையும் திரும்ப வரும். காத்திருப்போர் பட்டியலில் இன்னும் நான்கு பெயர் இருக்கிறது. நாளைக்கு யாருக்கென்று சொல்லியாக வேண்டும்.