மறையூர் பரணில் இரண்டு ஜோடி ஸ்கீ

வரும் குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கப் போவதென்று முடிவானதும் மியூனிக்கிலிருந்து மருமகன் போனில் பிடித்துக்கொண்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு அத்தை வாடகை ஸ்கீ? சொந்தமா ஒண்ணு வாங்கிருங்க. தொண்ணூத்தாறு மில்லி அகலம், எந்தப் பனிக்கும் ஆகும்." அவர் வைத்திருப்பதும் அதுதான். அவருக்கு முப்பத்தைந்து வயது, தொடை இரண்டும் தேக்கு. எனக்கு அறுபத்திரண்டு. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஐம்பதுக்கு மேல் கற்றுக்கொண்ட பனிச்சறுக்கு. ஆல்ப்ஸில் நீல அடையாளம் வைத்த எளிய பாதை என்றால் பாடிக்கொண்டே இறங்குவேன். சிவப்பு என்றால் பனி எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு இறங்குவேன். கறுப்பைக் கீழே நின்று போட்டோ எடுப்பதோடு சரி.

ஸ்கீ பற்றி யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் எங்கள் குடும்பத்தில் பெரிய அண்ணன் ஒருவர்தான். கனடாவில் பான்ஃப் பக்கம் ஓட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஸ்கீ வாடகைக் கடையின் பட்டறைக்கு மாறி, அங்கேயே தலை நரைத்து ஊர் திரும்பியவர். ஊர் என்றால் உடுமலை இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் மறையூர். அண்ணி வழியில் வந்த கரும்புக்காடும் ஆலைக்கொட்டாயும் அங்கே இருக்கின்றன.

உடுமலைப்பேட்டையில் காலை மூணாறு பஸ்ஸைப் பிடித்தேன். இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தது ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் வரும் காடு. கேரளா என்றாலே பச்சை என்று நினைத்து வருகிறவர்களுக்குச் சின்னார் ஒரு ஏமாற்றம். மலையின் மழைமறைவுப் பக்கம் அது. உடைமுள்ளும் கள்ளியும் வெடித்த பாறையுமாகக் கிடக்கும். ஒரு வளைவில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். தூரத்தில் யானைக் கூட்டம், நடுவில் குட்டி. பஸ்ஸில் யாரும் மூச்சுவிடவில்லை, ஒரு பாட்டியைத் தவிர. அவர் மட்டும் "கூட்டீட்டுப் போ சாமி, கூட்டீட்டுப் போ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் ஏறியதும் கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள் வந்துவிடும். அங்கிருந்து மறையூர் பக்கம்தான். டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, எங்கே நின்றாலும் காதில் விழுவது தமிழ்.

அண்ணன் ஆலைக்கொட்டாயில் இருந்தார். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. உருண்டை பிடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வந்த முதல் நிமிடத்திலேயே எனக்குச் சொல்லாவிட்டால் அண்ணனுக்குத் தூக்கம் வராது. சூட்டோடு ஒரு உருண்டையைக் கையில் வைத்துவிட்டு, "தொண்ணூத்தாறா? உங்க மாப்பிள்ளை உன்னைய எந்த மலையில தள்ளிவிடப் பாக்கறாரு அம்மிணி?" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டதும் பரணிலிருந்து இரண்டு ஜோடிகளை இறக்கினோம். ஒன்று 1980களில் வந்தது. இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, நுனியிலிருந்து வால்வரை பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அகலம், தலைக்கு மேலே கை தூக்கினால்தான் நுனி எட்டுகிறது. அன்றைக்கு அதுதான் அளவாம். 1990களின் பிற்பாதியில், நுனியும் வாலும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஸ்கீ எல்லாக் கடைகளையும் பிடித்துக்கொண்டது. பலகையைச் சாய்த்தாலே அதுவாக வளையும் என்பதால் நீளம் தேவைப்படாமல் போயிற்று. "பழைய ஆளுங்க சொல்ற நீளத்தைக் காதுலயே வாங்காத" என்றார் அண்ணன். அவரும் பழைய ஆள்தான்.

இரண்டாவது ஜோடியில்தான் பாடம் நடந்தது. இரண்டு பலகைகளையும் அடிப்பக்கம் ஒட்டும்படி சேர்த்து என் கையில் கொடுத்தார். நுனியும் வாலும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. "இப்ப நடுவுல அமுக்கு." ஒரு கையாலேயே அமுக்கினேன், இடைவெளி மெதுவாக மூடியது. அந்த வில்தான் கெட்டிப் பனியில் பலகையின் இரும்பு விளிம்பு முழுவதையும் தரையில் பதிய வைக்கிறது. ஒரு கையால் மூட முடிகிறதென்றால் என் எடைக்கு அது வளையும். இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், உள்ளே உலோகத் தகடு வைத்து வேகக்காரர்களுக்காகச் செய்தது என்று அர்த்தம். வேகமாகப் போகிறவருக்கு அந்தக் கெட்டித்தனம் ஆட்டத்தைக் குறைக்கும், என்னைப் போல நிதானமாக வருகிறவருக்குத் தொடைதான் வலிக்கும். அதே பலகையில் நுனிக்குக் கொஞ்சம் கீழே, தொடுகிற இடத்தைத் தாண்டியதும், இரண்டும் மெல்ல விலகுவதையும் காட்டினார். நுனி அப்படி முன்கூட்டியே மேலே எழும்பியிருந்தால் திரும்பத் தொடங்குவது சுலபம், உருகிக் குழைந்த சாயங்காலப் பனியில் மாட்டிக்கொள்ளாது. நுனியில் கொஞ்சம் எழுச்சி, காலுக்கடியில் வில். நடுத்தரமாகச் சறுக்குகிறவர் இந்தச் சேர்க்கையைக் கேட்டு வாங்கலாம்.

அப்புறம் அகலம். காலுக்கடியில் இருக்கும் இடுப்பின் அகலத்தைத்தான் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். இயந்திரம் வைத்துச் சமன் செய்த பாதைக்கு 70இலிருந்து 80 வரை போதும். எண்பதுகளின் நடுப்பகுதிவரை போனால் பாதையோரப் பஞ்சுப்பனியிலும் சமாளிக்கலாம். தொண்ணூறைத் தாண்டியவை ஆழமான புதுப்பனியில் மிதப்பதற்கு. அவற்றைக் காலையில் இறுகிக் கிடக்கும் பாதையில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்க்க நேரமும் பலமும் கூடுதலாக வேண்டும், அந்தத் திருகல் முழங்காலுக்குத்தான் போகிறது. பூண்டு தட்டச் சம்மட்டி எடுத்த கதைதான். மருமகன் குல்மார்க்கை மனதில் வைத்துச் சொன்னார் என்பது சரி. அங்கே கோண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைப்பக்கம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. அதற்குக் கீழே சமன் செய்யாத பனி, பனிச்சரிவு ஆபத்து, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாத இடம். அகலமான ஸ்கீ அங்கேதான் வேண்டும். நான் அங்கே போகப் போவதில்லை. கீழ்மைதானமும் முதல் கட்டம் இறங்கும் கோங்டூரியின் சுற்றுவட்டாரமும் எனக்குப் போதும். பத்தில் ஒரு தடவை மிதக்கிற ஆசைக்காக ஒன்பது தடவை கட்டையைச் சுமப்பானேன்?

நீளத்தில் மட்டும் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. என் உயரம் 158 சென்டிமீட்டர். அவர் 146 என்றார், மூக்குவரை. திருப்புவது எளிது, நிற்பது எளிது. எனக்கு அவ்வளவு குட்டையானது வேகம் எடுத்தால் படபடவென்று அடிப்பதுபோல் இருக்கும், 152 வேண்டுமென்றேன். அண்ணி உள்ளேயிருந்து 149 என்று தீர்ப்புச் சொன்னார். வளைவு ஆரம், அதாவது சாய்த்தால் பலகை தானாகப் போடும் வட்டத்தின் ஆரம், 12, 13 மீட்டருக்குள் என்பதில் மூவரும் ஒரே பேச்சு. பெண்களுக்கென்று தனியாக விற்கும் ஸ்கீயைப் பற்றிக் கேட்டேன். பூப்போட்ட அட்டையைப் பார்த்து வாங்காதே, பூப்போட்டிருக்கிறதென்று ஒதுக்கவும் செய்யாதே என்றார். எடை குறைவாகவும், சிலவற்றில் பூட்ஸ் மாட்டும் இடம் கொஞ்சம் முன்னே தள்ளியும் இருக்கும். இரண்டும் எனக்கு நல்லதே. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட்வரை தோளில் சுமப்பது நான்தானே! ஆனால் ரொம்ப லேசானது, இறுகிய பனியில் நடுங்கும்.

விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகத்தூள் சீவிக்கொண்டு வந்தால் கூர் இருக்கிறது. வரவில்லை. துரு. மறையூரில் மழை குறைவுதான், இருந்தாலும் அண்ணன் முதல் சில வருஷம் மூணாறு டவுனில் இருந்தார், அந்த ஈரம் இரும்பை விட்டுவைக்கவில்லை. அதற்கப்புறம்தான் அடிப்பக்கத்தோடு விளிம்பையும் மூடி மெழுகைத் தடிமனாக உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே வைக்கத் தொடங்கினாராம். சறுக்கப் போகும்போது சுரண்டினால் போதும். நம் ஊர்க்காற்றில் ஸ்கீயை வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைச் செய்தே ஆகவேண்டும். வருஷத்தில் ஒருமுறை பனிக்குப் போகும் என் போன்றவர்கள் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பது என் கட்சி.

பலகையை விடப் பூட்ஸ்தான் முக்கியம் என்று அண்ணன் சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அண்ணியின் பழைய பூட்ஸை எடுத்து உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் கூட்டுக்குள் என் வெறுங்காலை விடச் சொன்னார். விரல்நுனி முன்னால் லேசாக முட்டுமாறு நின்றால், குதிகாலுக்குப் பின்னே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கவேண்டும். மூன்று விரல் நுழைந்தால் அது பெரிசு. கடையில் பெரும்பாலும் பெரிசைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள், முதலில் போட்டதும் சுகமாக இருப்பதால் நாமும் வாங்கிக்கொள்கிறோம். பிறகு கால் உள்ளே அலையும், கொக்கிகளை இறுக்குவோம், பாதம் மரத்துப்போகும். அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில், என்னுடையது 24.5. கடினத்துக்கு ஒரு எண் உண்டு, எனக்கு 70, 80 போதும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அந்த எண் ஒரே மாதிரி இருக்காது. அண்ணியின் பூட்ஸையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, குதிகால் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ஒரு சில்லு உடைந்து தரையில் விழுந்தது. பிளாஸ்டிக்குக்கும் வயசாகும்.

மறுநாள் ஜீப்பில் மூணாறு பக்கம் கூட்டிப்போனார். லக்கம் அருவியில் கூட்டம், நிற்கவில்லை. தலையாறு தேயிலைச் சரிவில் வண்டியை நிறுத்தி, "இது என்ன நிறம் சொல்லு" என்றார். ஐரோப்பாவில் நீலப் பாதை என்றால் சரிவு 25 சதவீதத்துக்குள், சிவப்பு 40க்குள், அதற்கு மேல் கறுப்பு. கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையோடு குறுக்காக நடந்துகொண்டிருந்த அந்தச் சரிவு சந்தேகமில்லாமல் கறுப்பு. ஒரு அக்கா நாங்கள் எதையோ அளப்பதைப் பார்த்து, "இடம் வாங்கறீங்களா?" என்று கேட்டார். ஜனவரியில் இங்கே சில எஸ்டேட்டுகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போகும். அந்தக் குளிரைப் பழகியவர்களுக்கும் குல்மார்க் உயரத்தைச் சொன்னால் கண் விரிகிறது. மூணாறு பக்கத்து ஆனைமுடி உச்சி 2,695 மீட்டர். குல்மார்க் புல்வெளி கிட்டத்தட்ட அதே மட்டம், அங்கிருந்துதான் கோண்டோலா மேலே கிளம்பவே செய்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும், அன்றைக்கு ஸ்கீயைத் தொடாதே என்று அண்ணன் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டேன்.

ஆக, பூட்ஸை மியூனிக்கில் நல்ல கடையில் காலைக் காட்டி வாங்குவது, ஸ்கீயைப் போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது. குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைப்பதில் கெட்டியானதும் பழையதும் கலந்திருக்கும். மேலே சொன்ன அமுக்கும் சோதனையை அங்கேயே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக பைண்டிங். பூட்ஸைப் பலகையில் பிடித்து வைத்திருந்து, விழும்போது விடுவிக்கிற பிடி அது. எவ்வளவு விசையில் விடவேண்டும் என்பதை உயரம், எடை, வயது, சறுக்கும் விதம், பூட்ஸ் அடிநீளம் ஆகியவற்றை வைத்து அட்டவணையில் பார்க்கிறார்கள். ஐம்பது வயதாகிவிட்டால் அட்டவணையில் ஒரு வரி இளக்கமான பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களுக்கு இங்கேதான் எலும்பு போகிறது. அப்படியே சரியாக வைத்தாலும் அது முக்கியமாகக் காலெலும்பைக் காக்கத்தான், முழங்கால் தசைநாருக்கு முழு உத்தரவாதம் கிடையாது. ஆலைக்கொட்டாயில் வெல்ல மூட்டை போடும் தராசில் என்னை நிறுத்தினார் அண்ணன். 61 கிலோ. பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், கடைக்காரர் கண்ணளவில் திருகினால் நீட்டுவதற்கு. அதில் அடிநீளம் மட்டும் காலி. புது பூட்ஸ் வந்ததும் குதிகால் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும், பார்த்து நிரப்பிக்கொள்ளச் சொன்னார்.