செய்தியைப் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள்: நடப்பு நிகழ்வுகளுக்கு எனக்குப் பலன் கொடுத்த முறை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, "கரண்ட் அஃபேர்ஸுக்கு எதைப் படிக்கிறது?" என்பதைத்தான். எந்த நாளிதழ், எந்த மாத இதழ், எந்த டெலிகிராம் குரூப் என்று பெயர் சொன்னால் போதும் என்று எதிர்பார்ப்பார்கள். பெயர் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் செய்தி சிலபஸில் எந்த இடத்தில் போய்ச் சேருகிறது என்று தெரியாமல் படித்தால், தேர்வு அறையில் அது நினைவுக்கு வராது. தினமும் வருவதைத் தனிப் பாடமாக நினைத்து எழுதிக்கொண்டே போனால், நோட்டு நிறைந்துகொண்டே போகும். திருப்பிப் பார்க்க நேரமே கிடைக்காது.

வேலைக்குப் போய்க்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 2 தேர்வுக்குப் படித்தவன் நான். காலையில் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அதனால் செய்தியையும் பாடத்தையும் தனித்தனியாகப் படிக்க வழியில்லை, இரண்டையும் ஒன்றாக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தில் பழகிய முறைதான் கடைசியில் கை கொடுத்தது. முழு நேரமும் படிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஓர் உதாரணம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். மாத இதழ்களில் இது ஒரு வரியாக வரும்: 2022 செப்டம்பர் 15, மதுரை. அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்துவிடும். என் நோட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. மேலே 1920: நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அதற்குக் கீழே 1956, காமராசர். அப்புறம் 1982, எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். பக்கத்துப் பத்தியில் ஒன்றியத் திட்டம்: 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய அளவில் தொடங்கியது, 2021-ல் பி.எம். போஷன் என்று பெயர் மாறியது. கூடவே 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். கடைசியில்தான் காலை உணவு: 2022 மதுரை, 2023 ஆகஸ்ட் 25 திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவு, 2024 ஜூலை 15 ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவு.

இப்போது இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை விதமாகக் கேள்வி கேட்க முடியும் என்று பாருங்கள். கால வரிசைப்படுத்துக என்று கேட்கலாம், நீதிக்கட்சியின் சாதனைகளில் எது சரி என்று கேட்கலாம், திட்டத்தையும் ஆண்டையும் பொருத்தச் சொல்லலாம், மெயின்ஸில், அதாவது முதன்மைத் தேர்வில், தமிழகத்தின் சமூக நலத் திட்டங்களின் வளர்ச்சியை விவரிக்கச் சொல்லலாம். ஒரு செய்திக்காகப் படித்தது வரலாறு, அரசியலமைப்பு, வளர்ச்சி நிர்வாகம் என்று மூன்று பகுதிக்கும் உதவுகிறது.

தேதிகளைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டில் திட்டங்கள் பெரும்பாலும் சும்மா ஒரு நாளில் தொடங்குவதில்லை. செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். காலை உணவு 2022-லும், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023-லும் அதே நாளில் தொடங்கின. இரண்டாவது தொடங்கிய இடம் காஞ்சிபுரம், அண்ணாவின் சொந்த ஊர். ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நான் முதல்வன் 2022 மார்ச் 1, அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினின் பிறந்த நாள். திருக்குவளை யாருடைய சொந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் காரணம் தெரிந்துவிட்டால் தேதியும் ஊரும் தனியாக மனப்பாடம் செய்யாமலே நிற்கும். எல்லாத் திட்டத்துக்கும் இப்படிக் காரணம் கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் விடக் கூடாது.

அரசியலமைப்புச் செய்திகளுக்கு இந்த முறை இன்னும் அவசியம். மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு அரசு தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஒப்புதல் தருவதற்குக் காலக்கெடுவும் வகுத்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் ஏற்புடையதல்ல என்று கருத்துச் சொன்னது.

ஏப்ரலில் குறிப்பெடுத்துவிட்டு நோட்டை மூடியவர் நவம்பரில் தன் குறிப்பைத் திருத்தியிருக்க மாட்டார். அரசியலமைப்புப் புத்தகத்தில் ஆளுநர் பாடத்தின் ஓரத்திலேயே இதை எழுதியவர், அந்தப் பாடத்தைத் திருப்பும்போதெல்லாம் பார்ப்பார். பிரிவு 200 ஆளுநரின் ஒப்புதல், 201 குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிய மசோதா, 142 முழுமையான நீதி வழங்கும் அதிகாரம், 143 குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனையைக் கேட்பது. ஒரே வழக்கில் நாலு பிரிவுகள் வந்துவிட்டன. வினாத்தாளில் வழக்கின் பெயரே வராமல் "143-வது பிரிவு எதைப் பற்றியது" என்று மட்டும் வரலாம். செய்தியில் அடிபடுகிற பிரிவுகளைத்தான் வினா எடுப்பவர்களும் அந்த ஆண்டு அதிகம் தொடுகிறார்கள் என்பது பழைய வினாத்தாள்களைப் பார்த்து எனக்குப் பட்டது. மகளிர் இடஒதுக்கீட்டுக்கான 106-வது திருத்தம் (2023) வந்தபோது, 330ஏ, 332ஏ, 334ஏ ஆகிய புதிய பிரிவுகளோடு 73, 74-வது திருத்தங்களில் உள்ளாட்சிக்குக் கொடுத்த மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துத் திருப்பிக்கொள்வதும் இதே கணக்குதான்.

எண்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மாறுகிற எண், மாறாத தகவல் என்று நான் பிரித்துவிடுவேன். மாறுவதைப் பென்சிலில்தான் எழுதுவேன். ராம்சார் தலங்கள், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள், நல்ல உதாரணம். ராம்சார் உடன்படிக்கை 1971-ல் ஈரானில் கையெழுத்தானது, இந்தியாவின் முதல் தலங்கள் சிலிகாவும் கியோலாடியோவும், தமிழ்நாட்டின் முதல் தலம் 2002-ல் கோடியக்கரை: இவை பேனாவில். 2024 ஆகஸ்டில் நஞ்சராயன், கழுவேலி. 2025 தொடக்கத்தில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆனது, மாநிலங்களில் முதலிடம். இந்த 20 பென்சிலில் இருக்க வேண்டும். நாட்டின் மொத்த எண்ணிக்கையும் அப்படித்தான். தேர்வுக்கு முன் ஒருமுறை சரிபார்த்து அழித்து எழுதினால் போதும். தலம் எந்த மாவட்டம் என்பதைப் பொருத்துக கேள்விக்காகக் கட்டாயம் படியுங்கள்: நஞ்சராயன் திருப்பூர், கழுவேலி விழுப்புரம்.

ரெப்போ விகிதமும் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) இதே ரகம். அது மாறிக்கொண்டே இருக்கும். அதை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவில் 6 பேர், ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும், பணவீக்க இலக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கப்படும் என்பவைதான் திரும்பத் திரும்ப உதவும். சர்வதேசக் குறியீடுகளில் இந்தியாவின் இடத்தைவிட, வெளியிடும் அமைப்பு எது என்பதை முதலில் படியுங்கள். மனித வளர்ச்சி அறிக்கை ஐ.நா. வளர்ச்சித் திட்டம், பாலின இடைவெளி அறிக்கை உலகப் பொருளாதார மன்றம், புத்தாக்கக் குறியீடு உலக அறிவுசார் சொத்து அமைப்பு.

மாநிலச் செய்திகளுக்கு வருவோம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். தேசியச் செய்திக்கு எத்தனையோ தொகுப்புகள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுச் செய்திக்கு வரும் தொகுப்புகளில் தேதி, ஊர், தொகை பிழையாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மூலத்துக்கே போய்விடுவேன். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே, இலவசமாக, அரசு இணையதளத்தில் கிடைக்கும். பள்ளிக் கல்வி, சமூக நலம், மக்கள் நல்வாழ்வு, ஊரக வளர்ச்சி, வேளாண்மை, வனம்: இந்த ஆறு துறைகளின் குறிப்புகளை நிதானமாகப் படித்தால் வளர்ச்சி நிர்வாகம் பகுதிக்குத் தனிப் புத்தகமே வேண்டாம் என்பது என் கருத்து. திட்டத்தின் நோக்கம், பயனாளி யார், தொகை எவ்வளவு எல்லாமே அதில் இருக்கும். நிதிநிலை அறிக்கை உரை, வேளாண் நிதிநிலை அறிக்கை, ஆளுநர் உரை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தமிழ்நாட்டில் 2021-ல்தான் முதன்முதலாகத் தாக்கல் ஆனது என்பதே ஒரு கேள்வி.

ஒன்றிய அரசுச் செய்திகளுக்குப் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் தமிழ் வெளியீடுகள் உண்டு. அதில் தினமும் வருவதை எல்லாம் படிக்க வேண்டாம். அமைச்சரவை முடிவுகள், புதிய திட்டங்கள், விண்வெளி, பாதுகாப்புப் பயிற்சிகள் போதும்.

நாளிதழுக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அது வாசிப்புதான், படிப்பு இல்லை. யார் யாரைத் திட்டினார், கூட்டணி என்ன ஆனது, விபத்து, குற்றம் எதுவும் நமக்கு வேண்டாம். தீர்ப்பு, மசோதா, திட்டம், அரசியலமைப்புப் பதவி நியமனம், அறிக்கை, அகழாய்வு, சரணாலயம், புவிசார் குறியீடு, விருது, பெரிய விளையாட்டுப் போட்டி: இவை இருந்தால் நின்று படியுங்கள். செய்தியோடு நம் மண்ணுக்குத் தொடர்பு இருந்தால் அதைக் கூடுதலாகக் குறியுங்கள். 2024-ல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட ஐவரில் எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 2024 டிசம்பரில் உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷ் சென்னைப் பையன். மாநிலத் தேர்வாணையம் இதை விடுமா?

மாலையில் நூலகம் மூடும் முன் நாங்கள் நாலைந்து பேர் வெளித் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு வரிக் கேள்வி கேட்கக் கூடாது, கூற்று வடிவில்தான் கேட்க வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம் எங்கே தொடங்கியது" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். "இத்திட்டம் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, இது தொற்று நோய்களுக்கானது. எது சரி?" என்று கேட்டால் பாதிப் பேர் இரண்டும் சரி என்பார்கள். முதல் கூற்று சரி. இரண்டாவது தவறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்காக வீடு தேடி வரும் திட்டம் அது. இப்படிக் கேள்வி தயாரிக்க ஆரம்பித்தால், செய்தியில் எந்த இடத்தைத் திருப்பிப் போட்டு ஏமாற்றலாம் என்று நமக்கே புரிந்துவிடும். கூட ஆள் இல்லாதவர்கள் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

திருப்புதலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். அன்று புதுச் செய்தி வேண்டாம், அந்த வாரத்துப் பக்கங்கள் மட்டும். மாதக் கடைசியில் ஒரு நல்ல தொகுப்பை எடுத்து, விட்டுப்போனது என்ன என்று மட்டும் பாருங்கள். மூன்று நான்கு தொகுப்புகளை வாங்கி அடுக்குவதால் எந்தப் பலனும் இல்லை.

எவ்வளவு காலத்துச் செய்தி என்றால், தேர்வுக்கு முந்தைய ஓராண்டை முழுமையாகவும், அதற்கு முந்தைய அரை ஆண்டை மேலோட்டமாகவும் பார்த்தால் நல்லது. வினாத்தாள் முன்கூட்டியே தயாராகிவிடும் என்பதால் கடைசி இரண்டு வாரச் செய்திக்கு அலைய வேண்டாம். அந்த நாட்களைப் பென்சில் எண்களைச் சரிபார்க்கவும் பழைய பக்கங்களைத் திருப்பவும் பயன்படுத்துங்கள். ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (யு.பி.எஸ்.சி.) முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும், அதனால் அரைகுறையாகத் தெரிந்த செய்தியில் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யில் அந்தக் கழிவு இல்லை. அங்கே இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்துக்குப் போகாமல், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரப்பிவிடுங்கள்.