சோலார் போடலாமா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

சோலார் போடலாமா என்று யாராவது கேட்டால் நான் வெயிலைப் பற்றிப் பேசுவதே இல்லை, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றி என்ன பேச. இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஏனென்றால் நம்ம பில்லின் கணக்கு அப்படி. முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை சலுகை விலை, 500-ஐத் தாண்டினால் கீழே கிடைத்த சலுகையும் குறைந்து, மேலே ஓடும் யூனிட் எட்டரை ரூபாய், ஒன்பதரை ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும். 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1,200 ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். 800 ஓடுகிற எங்கள் வீட்டுக்கு ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது (இரண்டு ஏசி, அப்புறம் ராத்திரி முழுக்க டிவியை அணைக்காத அப்பா). யூனிட் இரண்டு மடங்குதான், பணம் நாலு மடங்கு.

ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், நெட் மீட்டரில் (நாம் லைனுக்குக் கொடுப்பதையும் லைனிலிருந்து எடுப்பதையும் சேர்த்து எண்ணுகிற மீட்டர்) அதைக் கழித்தால் எங்களுக்கு மிஞ்சுவது 320, பில் எண்ணூறு ரூபாய் அளவில் நின்றுவிடும். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். எனக்குச் சொன்ன விலையில் அதைக் கழித்தால் கைக்காசு 75,000 ஆகிறது. மூன்று வருஷம், கொஞ்சம் கூடக் குறைய, போட்ட பணம் வந்துவிடும். இதையே 400 யூனிட் வீட்டில் போட்டால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் அங்கே மிச்சமாவதெல்லாம் மலிவான யூனிட்.

விற்க வருகிறவர்கள் எல்லோரும் 3 கிலோவாட்டுக்குத்தான் இழுக்கிறார்கள், 78,000 முழு மானியமும் அதில்தான் என்று. உண்மைதான். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 மட்டுமே, அது மிச்சப்படுத்தப் போவதோ பாக்கியிருக்கிற அந்த எண்ணூறு ரூபாயை. தென்காசி அத்தான் “பில்லே வரலை மாப்ளே” என்று பெருமையடிக்கிறார், இருக்கட்டும், பில் பூஜ்யம் ஆவதற்காக நாற்பதாயிரத்துக்கு மேல் கூடப் போட எனக்கு மனசில்லை. நெட்வொர்க் கட்டணம் (மின்வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) மாதிரி செலவுகளை நான் இதில் சேர்க்கவில்லை, உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஆனி ஆடியில் அங்கே சாரல் கட்டினால் வெயிலை நாள் கணக்கில் பார்க்க முடியாது. நமக்கு அந்தக் கஷ்டம் ஐப்பசி கார்த்திகையில். சித்திரை வெயிலில் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம், பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஒத்துவராது. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3, 0.4 சதவீதம் குறையும். உச்சிவெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கரண்ட் போனாலும் நம்ம வீட்டில் ஃபேன் ஓடும் என்று நினைத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது அல்லவா, அதற்காக வைத்த ஏற்பாடு. பேட்டரி சேர்த்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிப்போகும்.

நான் 2 கிலோவாட் என்று முடிவு பண்ணிவிட்டேன். கிட்டத்தட்ட 200 சதுர அடி போகும், வத்தல் காயப்போட மிச்ச இடம் போதும் என்று அம்மாவும் சரி சொல்லியாச்சு. ஆடிக் காற்று அடங்கியதும் ஆள் வருகிறார்கள். அதற்குள் தெற்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் அவர் வேப்பமரத்தில் இரண்டு கிளையை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும், மானியம் வாங்குவதைவிட அதுதான் பெரிய பாடு.