மோட்டார் ரூம் இல்லாத தோட்டம்

மருதமலையை வரைபவனுக்குக் காலை ஒன்பது மணிக்கு மேல் வேலை கிடையாது. கோவைக்கு மேற்கே இருக்கும் மலை அது. விடிந்ததும் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். சாம்பல் பாறை கொஞ்ச நேரம் செம்பொன்னாக நிற்கும், அப்புறம் வெளிறிவிடும். சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதால் வெறும் நீல நிழல்தான் கிடைக்கும். அதனால் விடியலுக்கு முன்பே மொபெட்டில் கிளம்பிவிடுவேன்.

வடவள்ளி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் அப்போது சோளக்காடு, வாழை, கிளுவை வேலி, நடுவில் ஓடு வேய்ந்த ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. வாட்டர் கலர் டப்பாவில் முதலில் தீர்வது பச்சையாக இருக்கும். இப்போது பர்ன்ட் சியன்னா என்ற செம்மண் நிறம்தான் சீக்கிரம் தீர்கிறது. எங்கு பார்த்தாலும் மண்ணைத் திறந்து போட்டிருக்கிறார்கள். வேலி இருந்த இடத்தில் தலையில் வெள்ளையடித்த சைட் கற்கள், கலர் கொடிகள். மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் மனை பிரிக்க மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். தரகர்கள் அதை 'ஹாகா' என்று ஏதோ காய்ச்சலின் பெயரைப் போலச் சொல்வார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தடாகம் என்ற ஊர்ப் பக்கம் செங்கல் சூளைகளுக்கு மண் எடுத்த பள்ளங்களையும் போய் வரைந்திருக்கிறேன். 2021-ல் சூளைகளை மூடினார்கள், பள்ளங்கள் அப்படியே கிடந்தன. மழை பெய்த மறுநாள் அந்தச் சிவப்புக்கு ஈடே கிடையாது. அழிந்த நிலம் கண்ணுக்கு அழகாக இருந்தால் ஓவியன் என்ன செய்வான்? நான் பிரஷ்ஷை நனைத்தேன்.

மனை விற்கும் ஒருவருக்கும் வேலை செய்தேன். லேஅவுட்டின் முகப்பில் எட்டடி காம்பவுண்டு சுவர், அதில் மலை வரைய வேண்டும். எமல்ஷன் வாளியோடு சாரத்தில் ஏறினால் சுவருக்கு மேலே நிஜ மலை தெரியும். பார்த்துப் பார்த்து வரைவேன். கீழே இறங்கினால் சுவர்தான் தெரியும், நான் வரைந்த மலைதான் தெரியும். சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. "யானை ஒண்ணு போடுங்க, ஆனா தூரமா இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டார்.

அந்த லேஅவுட் இருக்கும் இடத்தில் முன்பு தோட்டம் வைத்திருந்த ஆத்தா, இப்போது மகனோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறார். தோட்டத்தை நான் வரைந்திருப்பது தெரிந்து பார்க்கக் கேட்டார். ஏழெட்டு படங்களை எடுத்துப் போனேன். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மோட்டார் ரூமு எங்க கண்ணு?"

எந்தப் படத்திலும் இல்லை. சிமெண்டு ஷீட் போட்ட அந்தப் பெட்டி எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது, விட்டுவிட்டேன். கரண்டு கம்பத்தை விட்டேன். நீலப் பிளாஸ்டிக் டிரம்மை விட்டேன். தொட்டிமேல் காயப்போட்ட சேலையைக்கூட ஒரு படத்தில் எடுத்துவிட்டு அங்கே செம்பருத்தி வைத்திருக்கிறேன். ஜேசிபி வருவதற்குப் பல வருடம் முன்பே நான் இடிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

"ராத்திரி மூணு மணிக்குக் கரண்டு வுடுவான். அங்கதான் படுத்துக் கெடப்போம்" என்றார்.

சரி, வரைந்து தருகிறேன் என்று பென்சிலை எடுத்தேன். கிணற்றிலிருந்து எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டேன். கதவை மூன்று தடவை அழிக்க வைத்தார். கடைசியில் தெற்கே பார்த்து நின்றது.

"பூட்டு வேண்டாம், நாங்க பூட்டுனதே இல்ல" என்றார். பூட்டையும் அழித்தேன்.