ஆறு அடிகள்

ஆகஸ்ட் 11
நான் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஒத்திகைக்கு இன்னும் 22 நாள்.

ஆகஸ்ட் 12
சீசனுக்கான ஸ்கோர்கள், அதாவது எல்லா வாத்தியங்களின் சுரங்களும் எழுதிய புத்தகங்கள், வந்துவிட்டன. மூன்றும் சிம்பொனிகள், பல பகுதிகள் கொண்ட பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகள். தொடக்கத்தில் இசையமைப்பாளர் சிபேலியஸின் ஐந்தாவது சிம்பொனி, நடுவில் டுவோர்ஷாக்கின் ஒன்பதாவது, முடிவில் பிராம்ஸின் முதலாவது. எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பட்டியல்! எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் மூன்றையும் மாற்றி மாற்றிப் புரட்டினேன். இரவு சாப்பிட மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 15
தோள் வலி. கையைத் தூக்காமல், உட்கார்ந்து படித்ததோடு சரி.

ஆகஸ்ட் 17
1915 ஏப்ரல் 21 அன்று பதினாறு அன்னங்களைப் பார்த்ததாக சிபேலியஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன் என்னும் பித்தளைக் குழல்கள் ஊஞ்சல் போல ஆடுகிற மெட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அன்னங்கள்தான். அதே வருடம் டிசம்பர் 8, தன் 50வது பிறந்தநாளில் அந்த சிம்பொனியை அவரே நடத்தினார். அப்படியும் மனம் நிறையாமல் 1919 வரை திருத்திக்கொண்டே இருந்தார்.

என் கவலை அதன் முடிவில் ஆர்கெஸ்ட்ரா ஒன்றாக ஓங்கி வாசிக்கும் ஆறு அடிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மௌனம். கை அப்படியே நின்றுவிட்டால் முடிந்தது என்று நினைத்து கேட்பவர்களில் யாராவது கைதட்டிவிடுவார்கள். கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தால் மௌனம் செத்து வெறும் எண்ணிக்கையாகிவிடும். தாளம் எனக்குள்ளே ஓட வேண்டும், வெளியே தெரியக் கூடாது. ஆனால் வாசிப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். எப்படி? இரவு முழுக்க எழுந்து எழுந்து நின்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 18
பல் தேய்க்கும்போதும் அந்த ஆறு அடிகள்தான்.

ஆகஸ்ட் 21
டியூபா என்னும் பெரிய, கனத்த குரல் பித்தளைக் குழல் வாசிப்பவர் கூப்பிட்டார். "எனக்கு இந்த சீசனில் என்ன இருக்கிறது?" சிபேலியஸில் இல்லை, பிராம்ஸில் இல்லை. டுவோர்ஷாக்கின் இரண்டாம் பகுதியில் மட்டும் கொஞ்சம் சுரங்கள். சொல்லவே சங்கடமாக இருந்தது. "அந்த மெதுவான தொடக்கத்துக்கு அடித்தளமே நீங்கள்தான்" என்றேன். உண்மையும் அதுதான்.

பிராம்ஸில் டிராம்போன் என்னும் இழுத்து வாசிக்கும் பித்தளைக் குழல்காரர்கள் பாடும் லேசில்லை. மூன்று பகுதி முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு, நான்காவதில் உதடு ஆறிப்போன நிலையில், மேல் ஸ்தாயியில், அத்தனை மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். அந்த இடம் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க இப்போதே ஆசையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25
"தோளுக்கு மேல் கை போகாமல் நடத்த முடியாதா?" என்று மருத்துவர் கேட்கிறார். வரும் வழியெல்லாம் கோபம். அப்புறம் வீட்டில், இடுப்பளவில் கையை வைத்து அந்த ஆறு அடிகளையும் போட்டுப் பார்த்தேன். நடுவில் இருக்கும் மௌனம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 29
பிராம்ஸுக்கு ஓர் ஒத்திகையைக் குறைக்கலாமாம், தெரிந்த இசைதானே என்று நிர்வாகம் சொல்கிறது. முதல் சிம்பொனியை வெளியே விட அவர் ஏறக்குறைய 20 வருடம் காத்திருந்தார், 1876இல்தான் அரங்கேறியது. நான் மூன்று மணி நேரம் கேட்கக் கூடாதா?

ஆகஸ்ட் 30
குறைக்கவில்லை. கிடைத்துவிட்டது!

செப்டம்பர் 1
தூக்கம் இல்லை. பென்சில்கள் சீவியாயிற்று.

செப்டம்பர் 2
ஓபோ என்னும் மரக்குழல் சுருதி கொடுத்ததும் தோள் வலி மறந்துவிட்டது. நான்கு ஹார்ன்களும் சேர்ந்து அந்த மெட்டை எடுத்தபோது செல்லோ வரிசையில் ஒருவர் சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு அடிகளை மூன்று தடவை வாசித்தோம். மூன்றாம் தடவை, நான்காவது மௌனத்தில், ஒருவர்கூட அசையவில்லை. ஐந்தாவதில் நானே அவசரப்பட்டுவிட்டேன்.

நாளை டபுள் பேஸ்கள், அதாவது மிகப் பெரிய, கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியங்கள், மட்டும் தனியாக. ஹார்ன்களின் மெட்டையே மூன்று மடங்கு மெதுவாகக் கீழே வாசிக்கிறார்கள். இன்று அது கேட்கவே இல்லை.