சீலிங்கில் ஓர் ஈரத்திட்டு

கண் விழித்ததும் அதுதான் தெரிந்தது. கட்டிலுக்கு நேர் மேலே, சீலிங்கில் ஓர் ஈரத்திட்டு. நேற்று உள்ளங்கை அளவு. இன்று சாப்பாட்டுத் தட்டு அளவு.

மாடி வீட்டுக் குழாய்க் கசிவுதான். தெரியும். ஆனாலும் எழுந்திருக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ நகாடாவின் 'டார்க் வாட்டர்' (2002) என்ற பேய்ப்படத்தில் பயம் இப்படித்தான் வரும். மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு தாய். பழைய அடுக்குமாடி வீடு. சீலிங்கில் பரவும் ஈரம். தூக்கிப் போட்டாலும் திரும்பி வரும், ஒரு குழந்தையின் சிவப்புப் பை.

அந்தப் பை என்னை இன்னும் விடவில்லை. எந்தக் கடையிலும் தொங்குகிற பைதான். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

1998இல் வந்த நகாடாவின் 'ரிங்' படத்திலும் அதே வித்தை. வீடியோ கேசட், தொலைபேசி, டிவி. அன்று வீட்டுக்கு வீடு இருந்தவை.

பழகிப்போய் நாம் பார்க்க மறந்த பொருட்களை இந்தப் படங்கள் மறுபடி பார்க்க வைக்கின்றன. அதனால்தான் எனக்கு இவற்றின்மேல் இத்தனை பிரியம்.

ஆறு வருடமாக இந்த அறையில் தூங்குகிறேன். சீலிங்கை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

திட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. இன்னும் விழவில்லை.