17 விநாடிகள்

ஜூலை 8, 2025

தொண்டையில் சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. தொண்டையைக் கனைக்கவே கூடாது.

ஜூலை 9

கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். பெண்களுக்குக் குரல்நாண் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தானாம். அந்தத் துணுக்குச் சதையை நம்பித்தான் இத்தனை வருஷம் எட்டாம் வகுப்பு நடத்தியிருக்கிறேன்.

தூக்கம் வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கிவன் அப்' கேட்டேன். லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழு 2007-இல் கொண்டுவந்த 'மினிட்ஸ் டு மிட்நைட்' தொகுப்பில் இருக்கிறது. பாட்டின் பின்பாதியில் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் ஒரே மூச்சில் 17 விநாடி அலறுவார். கல்லூரிக் காலத்தில் அது எனக்கு வெறும் வெறி. இப்போது கேட்டால் உடம்பு கூசுகிறது. அந்த 17 விநாடியும் இரண்டு சவ்வுகள் என்ன பாடு பட்டிருக்கும்? அலறலுக்குள்ளேயும் ஒரு சுருதி அசையாமல் நிற்கிறது. கத்துவது யாருக்கும் வரும். கத்தலுக்குள் சுருதியை நிறுத்துவது வேறு வித்தை.

அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இந்தக் காட்டுக் கத்தலக் கேட்டா தொண்ட ஆறுமாடி?" நோட்டில் எழுதிக் காட்டினேன்: ஆறும்.

ஜூலை 10

சித்தி வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் பேசாததால் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போல, அம்மாவிடம் என் எதிரிலேயே "நல்லபடியா ரிசல்ட் வரணும்" என்றார். வேறு எப்படி வரும் என்று நினைக்கிறார்? கோபம் வந்தது. எழுதிச் சண்டை போட முடியாது. அந்த வேகம் பேனாவில் இல்லை.

எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

லிங்கின் பார்க்கை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். 1996, அகூரா ஹில்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய ஊர். பள்ளித் தோழர்களான மைக் ஷினோடாவும் பிராட் டெல்சனும், டிரம்ஸுக்கு ராப் போர்டன். இசைத்தட்டைச் சுழற்ற ஜோ ஹான், பேஸ் கிதாருக்கு டேவ் ஃபேரல், பாட மார்க் வேக்ஃபீல்ட். குழுவின் பெயர் அப்போது ஸீரோ. ஷினோடாவும் ஹானும் பாசடீனாவில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். இவர்கள் பாட்டு கட்டும் விதத்தில் அது தெரியும். ஒரு கிதார் துண்டு, ஒரு ராப் துண்டு, எங்கிருந்தோ வெட்டி எடுத்த ஒரு ஒலி என்று துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டுவார்கள், ஆனால் ஒட்டு தெரியாது.

நான்கு பாட்டு கொண்ட கேசட் ஒன்றைச் செய்து சுற்றுக்கு விட்டார்கள். எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. வேக்ஃபீல்ட் விலகினார். பாடகர் இல்லாத குழு. அன்றைக்கே கலைந்திருந்தால் யார் தப்பு சொல்லியிருப்பார்கள்?

ஜூலை 11

ஆவி பிடித்தேன். தண்ணீர், மறுபடி தண்ணீர். பள்ளியிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. நல்லதுதான், எடுத்தாலும் பேச முடியாது.

ஜூலை 12

செஸ்டர் வந்து சேர்ந்த கதையை இன்று தம்பிக்கு எழுதிக் காட்டினேன். அவனுக்குத் தெரிந்த கதைதான். எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

1999 மார்ச். செஸ்டர் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறார். கிரே டேஸ் என்ற குழுவை விட்டு வெளியே வந்து, வேலைக்குப் போய்க்கொண்டு, பாட்டை ஏறக்குறைய மூட்டை கட்டி வைத்துவிட்டார். இசைப் பதிப்பு நிறுவனத்தில் இருந்த ஜெஃப் ப்ளூ என்பவர் ஸீரோவின் பாட்டுகளை அனுப்பிவைக்கிறார். 23-ஆவது பிறந்தநாள் விருந்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய், வந்த இசையின் மேல் தன் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புகிறார் செஸ்டர். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒப்பந்தம் கிடைத்து முதல் தொகுப்பு பதிவாகும்போது, ஷினோடாவின் ராப்பைக் குறைக்க வேண்டும், அவரை ஓரமாக உட்கார வைக்க வேண்டும் என்று நிறுவனத் தரப்பிலிருந்து அழுத்தம். புதிதாக வந்தவர் செஸ்டர். சரி என்று தலையாட்டியிருந்தால் குழுவே அவர் கைக்குப் போயிருக்கும். மறுத்துவிட்டார்! இரண்டு குரல் இல்லாவிட்டால் இந்தக் குழுவே இல்லை என்பது அவருக்கு முதல் வருஷமே தெரிந்திருக்கிறது.

தம்பி படித்துவிட்டு, "அக்கா, நீ பேசுறப்பகூட இவ்வளவு பேச மாட்ட" என்றான்.

ஜூலை 13

ரிப்போர்ட் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படி வரும்.

ஜூலை 14

'ஹைப்ரிட் தியரி'. 2000 அக்டோபர் 24. மொத்தமே 38 நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. அந்தக் காலத்து ராப்-ராக் கூட்டத்தில் அது அதிசயம். ஸீரோவுக்குப் பிறகு 'ஹைப்ரிட் தியரி' என்பதே குழுவின் பெயராக இருந்தது. வேறொரு குழுவின் பெயரோடு மோதுகிறது என்று மாற்றினார்கள். சான்டா மோனிகாவில் லிங்கன் பார்க் என்று ஒரு பூங்கா. அதன் பெயரை எழுத்து மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

தொகுப்பு பதிவானபோது ஃபேரல் வேறு குழுவோடு இருந்தார். பேஸ் பகுதியில் பெரும்பகுதி டெல்சன் வாசித்தது. ஆள் குறைந்தால் இருப்பவர் எடுத்துச் செய்வது அப்போதே இவர்களிடம் இருந்திருக்கிறது.

முதல் பாட்டு 'பேப்பர்கட்'. தம்பியின் சிடியில் அந்தப் பாட்டு அடிக்கடி தாவும். அந்தத் தாவலும் எனக்கு மனப்பாடம். பாட்டு முடியப் போகிற இடத்தில் ஷினோடா ராப்பை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார். அதன் மேலே செஸ்டர் நீளமாக இழுத்துப் பாடுவார். ஒன்று பேச்சு, ஒன்று ராகம். இரண்டும் வேறு வேறு வேகம், ஆனால் ஒன்றையொன்று மிதிக்காது. இன்று அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். ஒரு காதில் பேச்சை மட்டும் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் ராகத்தை மட்டும். தனித்தனியாகவும் நிற்கின்றன.

'இன் தி எண்ட்' பாட்டை ஜன்னலே இல்லாத ஓர் ஒத்திகை அறையில் ராத்திரி முழுக்க அடைந்து கிடந்து எழுதினார் ஷினோடா. செஸ்டருக்கு அந்தப் பாட்டு முதலில் பிடிக்கவே இல்லை. அதுதான் அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. 2001-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற தொகுப்பு 'ஹைப்ரிட் தியரி'. 'க்ராலிங்' கிராமி வாங்கியது.

எழுதிக்கொண்டே இருந்தால் தொண்டை ஞாபகம் வருவதில்லை. நிறுத்தினால் வருகிறது.

ஜூலை 15

ஒன்றும் கேட்கப் பிடிக்கவில்லை.

வெட்டி எடுத்ததை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, மேலே என் பெயர் எழுதி ஒட்டினார்கள். அந்தப் பாட்டில் இப்போது எங்கே இருக்கும்? எந்த மேஜையில்?

17 விநாடி. அதை எத்தனை மேடையில் செய்திருப்பார். அவர் தொண்டையை யார் பார்த்தார்கள்?

ஜூலை 16

கொஞ்சம் பரவாயில்லை. 'எ தவுசண்ட் சன்ஸ்' (2010). வந்தபோது பாதி ரசிகர்கள் காறித் துப்பினார்கள். கிதார் எங்கே, அலறல் எங்கே என்று. எனக்கு அன்றும் இன்றும் இதுதான் இவர்களுடைய மிகப் பெரிய காரியம். அணுகுண்டைப் பற்றி, அதை உருவாக்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பேசிய பேச்சு நடுவில் வரும். மார்ட்டின் லூதர் கிங் குரல், மாணவர் போராட்டத் தலைவர் மாரியோ சேவியோ குரல். தலைப்பில் இருக்கும் ஆயிரம் சூரியன் கீதையின் 11-ஆவது அத்தியாயத்திலிருந்து ஓப்பன்ஹைமர் வழியாக வந்தது. ஹிட் பாட்டு எப்படிச் செய்வதென்று நன்றாகத் தெரிந்த ஆறு பேர், அதைச் செய்யாமல் இதைச் செய்தார்கள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

'மீட்டியோரா'விலேயே (2003) நின்றிருக்கலாம். 'நம்ப்', 'ஃபெய்ன்ட்' மாதிரி வருஷத்துக்கு நாலு போட்டுப் பிழைத்திருக்கலாம். செய்யவில்லை. 2004-இல் ராப் பாடகர் ஜே-ஸீயோடு சேர்ந்து 'கொலிஷன் கோர்ஸ்', ராப்பையும் ராக்கையும் இரண்டு பக்க ரசிகர்களும் ஒப்புக்கொள்ளும்படி கலந்தார்கள். தயாரிப்பாளராக ரிக் ரூபின் வந்ததும் ராப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். 2014-இல் 'தி ஹன்டிங் பார்ட்டி'க்கு ராப் பாடகர் ராக்கிமையும் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோவையும் கூப்பிட்டு மறுபடி இரும்படித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டம் விலகிப் போனது.

இன்னொன்று. 2004 டிசம்பர் சுனாமியைப் பார்த்துத்தான் 'மியூசிக் ஃபார் ரிலீஃப்' என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் எங்கள் கரையிலும் எத்தனை பேர் போனார்கள். அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அவர்கள்மேல் ஒரு உரிமை வந்துவிட்டது.

ஜூலை 17

இன்று பேசலாம் என்றார்கள், கொஞ்சமாக, மெதுவாக. முதல் வார்த்தை "அம்மா". அது என் குரல் இல்லை. கரகரவென்று, அடியில் மணல் கிடக்கிற மாதிரி. அம்மா "அப்பாடா" என்று அழுதாள். நான் அழவில்லை. அழுதால் தொண்டை இறுகும்.

ஜூலை 18

பயாப்ஸி ரிப்போர்ட் இன்னும் தயாராகவில்லையாம். எதற்கு இத்தனை நாள்? "சாம்பிளை இன்னொருத்தரும் பாக்கணும்மா." ஏன் இன்னொருவர்? அதை அவர் சொல்லவில்லை.

ஜூலை 20

செஸ்டர் இறந்து எட்டு வருஷம். 2017 ஜூலை 20. அது அவர் நண்பர், ராக் பாடகர் கிறிஸ் கார்னெலின் பிறந்தநாளும்கூட. அந்த மே மாதம்தான் கார்னெல் இறந்தார், அவர் இறுதிச் சடங்கில் செஸ்டர் 'ஹாலெலூயா' பாடினார். இரண்டே மாதம். செஸ்டருக்கு 41 வயது.

செய்தி தெரிந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். தம்பிதான் மெசேஜ் அனுப்பியிருந்தான், பெயரை மட்டும்.

அந்த அக்டோபர் 27, ஹாலிவுட் பௌல். மீதி ஐந்து பேரும் மேடை ஏறினார்கள். பல பாடகர்கள் வந்து ஆளுக்கொரு பாட்டு பாடினார்கள். 'நம்ப்' பாட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. மேடை நடுவில் ஆளில்லாத மைக், அதன்மேல் விளக்கு, குழு வாசிக்கிறது, கூட்டம் பாடுகிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரை கூட்டமேதான். இன்று அந்த வீடியோவைப் பார்த்தேன். கூடவே பாட வாய் திறந்தேன், ஸ்தாயி ஏறுகிற இடத்தில் சத்தமே வரவில்லை, வெறும் காற்று.

மூடிவிட்டேன்.

ஜூலை 21

நேற்று எழுதாமல் விட்டது. 'ஒன் மோர் லைட்' தொகுப்பு, 2017 மே 19. பாப் ஆகிவிட்டார்கள், விலைபோய்விட்டார்கள் என்று எவ்வளவு வசை! இரண்டு மாதம் கழித்து அதே ஆட்கள் அதே பாட்டுகளைப் போட்டு அழுதார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. அலறாமல், மிரட்டாமல், சன்னமாகப் பாடினாலும் அது செஸ்டரின் குரல்தானே? குரல் என்றால் சத்தம் மட்டுமா?

இனி எனக்கு உச்சஸ்தாயி வராமல் போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மைக் வாங்கிக்கொள்ளலாம். இடுப்பில் மாட்டுகிற மைக் இப்போது மலிவுதான். வாங்கலாம்.

ஜூலை 22

தம்பியோடு சண்டை. பேச அனுமதி இருந்த நேரமெல்லாம் இதற்கே போய்விட்டது.

2024 செப்டம்பர் 5. ஏழு வருஷம் கழித்து நேரலையில் வந்தார்கள். செஸ்டர் இடத்தில் டெட் சாரா குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங். டிரம்ஸில் காலின் பிரிட்டன், ராப் போர்டன் திரும்பி வரவில்லை. டெல்சன் பாட்டு கட்டுவதில் இருக்கிறார், பயணத்துக்கு வருவதில்லை. நவம்பரில் 'ஃப்ரம் ஸீரோ' தொகுப்பு, பழைய ஸீரோவையும் சேர்த்து நினைவூட்டும் பெயர்.

தம்பி சொல்வது: "பேர மாத்தியிருக்கணும்க்கா. செஸ்டர் இல்லாம அது லிங்கின் பார்க் இல்ல." அவன் வலி எனக்குப் புரிகிறது. பிடிவாதமும் புரிகிறது. ஆனால் செஸ்டர் வருவதற்கு முன்பே அந்தக் குழு இருந்தது, பாடகர் போய், எவரும் சீண்டாமல், ஒரு கேசட்டோடு நின்றது. ஷினோடாவை ஓரம் கட்டச் சொன்னபோது மறுத்த ஆள் செஸ்டர். இப்போது ஷினோடாவை வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்காரச் சொல்ல நாம் யார்? 2018-இல் 'போஸ்ட் டிராமாட்டிக்' என்று தனியாக ஒரு தொகுப்பு செய்து, துக்கத்தையெல்லாம் அதில் இறக்கி வைத்தார். ஒரு மனிதன் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

எமிலி செஸ்டரைப் போலப் பாடவில்லை. 'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டில் முதலில் ஷினோடா பாடுகிறார், அப்புறம்தான் எமிலி நுழைகிறார். கரகரப்பு இருக்கிறது, ஆனால் அது அவருடைய சொந்தக் கரகரப்பு. மறுபடியும் இரண்டு குரல். இதைச் சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியை எழுதிக் காட்டினேன். அவன் படித்தான். பதில் சொல்லவில்லை, 'கிவன் அப்' மேடையில் எமிலி பாடின வீடியோவைத் தேடிக் கொடுத்தான். இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 23

காலை 9:40. ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வரச் சொன்னார்கள். தம்பி அரை நாள் லீவு போட்டுவிட்டான். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு, நோட்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. அம்மா வருகிறேன் என்கிறாள், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்த வீடியோவைக் காரில் பார்த்துக்கொள்கிறேன்